கடல் கடந்த கல்வி

அண்ணாமலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். அந்தப் பாதையிலே உள்ள சிற்றூர் அடி அண்ணாமலை. முழுநிலா இரவுகளில் இலட்சக்கணக்கானோர் கால் கடுக்க நடந்து கடந்துபோகும் ஊர். மற்ற நாட்களிலோ, வெள்ளையர் சிலரை அங்கே காணலாம். பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர், இரமணரைச் சந்தித்த செய்தியை 1934இல் நூலாக்கி வெளியிட்ட பிறகு, ஐரோப்பாவிலிருந்து இம்மலைக்கு வருவோர் தொகை பெருகிற்று. வரட்டும், வந்தாரை வரவேற்பது நம் மரபு. ஆனால், 'கடல் கடந்து வந்தீரே, தீட்டாயிற்றே, கழுவாய் செய்தீரா?' என்று அவர்களில் ஒருவரையேனும் எவரேனும் கேட்டதுண்டா? இல்லை! அந்தக் கேள்வி, இங்கிருந்து அங்கே படிக்கப் புறப்பட்டவனுக்கென்றே காத்துக் கிடந்தது.

பௌதாயன தர்ம சூத்திரத்தைப் புரட்டிப் பார்க்கிறோம். சாதியினின்று வீழ்த்தும் குற்றங்களின் பட்டியல் அதில் இருக்கிறது. முதற் குற்றம் எது? கடற்பயணம்! கழுவாய், மூன்றாண்டுத் தவம். நான்கு வேளைக்கு ஒரு வேளை உணவு! மனுவோ, கடலோடியைச் சிராத்த விருந்துக்கு அழைக்கலாகாது என்று ஒதுக்கி வைத்தார். ஏறத்தாழ 1025இல் இராசேந்திரன் கலங்கள் கடாரம் வரை சென்று திரும்பிய நாட்டில், கடலே தீட்டு என்றொரு சட்டம்! இலண்டனில் சட்டம் பயிலப் புறப்பட்ட காந்தியாரை 1888இல் அவருடைய மோத் பனியா சாதியார் விலக்கி வைத்தனர் என்றால், அந்தச் சட்டம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பது விளங்கும்.

நம் நாட்டு இராமானுசன் கதையும் அதுவே. கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். 1913இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஆர்டி அழைத்தபோது, அவர் மறுத்தார். அறிவு மறுக்கவில்லை, ஆசாரம் மறுத்தது! பிறகு, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து தாயாருக்கு அனுமதி அளித்தாராம். கனவாவது கருணை காட்டிற்றே என்று மகிழ்வோம்! குடுமியைக் களைந்து, 1914 மார்ச் 17ஆம் நாள் கப்பலேறினார்.

இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தோற்றவர் என்று நம் கல்லூரிகள் தள்ளிய ஒருவருக்குக் கேம்பிரிட்ஜ் எப்படிப் பட்டம் தந்தது? இரக்கப்பட்டா? இல்லை. வகுப்புத் தேர்வு எழுதாமலே, ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பெறும் வழியொன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் விதியிலேயே இருந்தது. 1916இல் அவ்வழியே பட்டம் பெற்றார். 1918இல் இராயல் கழக உறுப்பினரானார். அந்த வழி இருப்பது கும்பகோணத்தில் யாருக்குத் தெரியும்? ஆர்டிக்குத் தெரிந்தது; அவர் அனுப்பிய நெவில் சென்னைக்கு வந்து எடுத்துரைத்தார். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. 1920இல் அவர் மறைந்தபோது, கடல் கடந்த குற்றத்துக்காக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்று வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளனர்.

ஆசாரம் தடுக்காத வீட்டுப் பிள்ளையைத் தடுத்தது வறுமை. அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குச் சென்றது பரோடா மன்னர் தந்த உதவியால். படிப்பு முடிந்தால் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது உடன்படிக்கை. 1916இல் இலண்டன் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். சேமித்ததும் கடனும் கோலாப்பூர் மன்னர் உதவியும் சேர்த்து 1920இல் மீண்டும் கப்பலேறினார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பின்னர், ஒடுக்கப்பட்டோர் அயல்நாட்டில் பயில ஒன்றிய அரசின் உதவித்தொகை 1954-55இல் பிறந்தது. நல்லது. ஆனால் 2022இல் விதியொன்றை மாற்றினர்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூக ஆய்வு ஆகியவற்றை அயல்நாட்டில் ஆராய அந்தப் பணம் இல்லையாம்! அம்பேத்கர் 1916இல் கொலம்பியாவில் படித்தளித்த ஆய்வுரை எதைப் பற்றியது? இந்தியச் சாதிகளைப் பற்றியது!

இன்று சாத்திரத்தின் குரல் தளர்ந்துவிட்டது. அந்த இடத்தில் தரகர் நிற்கிறார். 'ஜெர்மனியில் படிப்பு இலவசம்' என்கிறார். பாதி உண்மை, அதுதான் ஆபத்து. அங்கே கட்டணம் வந்ததும் உண்டு, போனதும் உண்டு. 2005இல் நீதிமன்றத் தீர்ப்பு வழிவிட்டதும் பல மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ வரை வாங்கின, மாணவர் எதிர்த்தனர், கடைசியாக 2014இல் கீழ்ச் சாக்சனியும் கைவிட்டது. ஆயினும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. தனியார் கல்லூரிகள் எப்போதும் காசு வாங்குபவை. தரகருக்குத் தரகு தருவதும் பெரும்பாலும் அவையே!

கட்டணமில்லை என்றால் செலவில்லை என்று பொருளன்று. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும் என 2024இல் விதித்தனர். நம் ஊர்ப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று ஒன்றே நேராகப் பட்டப்படிப்பில் சேரப் போதாது. இங்கே கல்லூரியில் ஓராண்டேனும் தேறியிருத்தல் போன்ற தகுதி வேண்டும், அல்லது அங்கே ஆயத்தக் கல்லூரியில் பயில வேண்டும். 2022 நவம்பர் முதல், சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும். 1810இல் பெர்லினில் ஊம்போல்ட் வகுத்த மரபில் வந்த பல்கலைக்கழகங்கள் ஆராய்ச்சிக்கு முதலிடம் தருபவை. 1970ஐ ஒட்டி எழுந்த பயன்முறைக் கல்லூரிகள் தொழிற்கூடத்தோடு இணைந்தவை, முனைவர் பட்டம் தருவது அரிது. பொறியாளனாக விரும்பும் பிள்ளைக்கு இரண்டாவது ஏற்றதாகலாம்; இராமானுசனைப் போன்றவனுக்கு முதலாவது.

திருவண்ணாமலையில் அரசு கலைக் கல்லூரி 1966இல் வந்தது. அதன் வகுப்பறையில் ஓராண்டு தேறிய அடி அண்ணாமலைப் பிள்ளைக்கு, தரகர் சொல்லாத வாசல் ஒன்று திறந்தே இருக்கிறது. 1925இல் தோன்றிய ஜெர்மானியக் கல்விப் பரிமாற்ற நிறுவனம், மேற்சொன்ன விதிகளையெல்லாம் காசு வாங்காமல் வெளியிட்டு வருகிறது. அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்ட ஆளில்லாத வீடுகளில், காணிப் பத்திரம் இன்று அடகுக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.