விரலின் விழுக்காடு: சுங்குவார்சத்திரத் தொழிற்பகுதியும் இழப்பீட்டு அட்டவணையின் வரலாறும்

இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹுண்டாய் ஆலையின் கட்டுமானம் தொடங்கிய பின்னர், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கில் ஒரகடம் வரையிலும் வாகன, மின்னணு ஆலைகள் பரவின. இப்பகுதியில் நிகழும் இயந்திர விபத்துகள் பெரும்பாலும் உயிரிழப்பு நேரும்போதே பொதுக் கவனம் பெறுகின்றன. 2010 அக்டோபர் 31 அன்று ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில், பேனல் ஏற்றும் இயந்திரத்தில் கழுத்து சிக்கி இளம்பெண் தொழிலாளி ஒருவர் இறந்தது அவ்வாறு பேசப்பட்டது. பவர் பிரஸ்ஸில் விரலை இழப்பவர் செய்தியாவதில்லை. அவர் ஒரு விழுக்காடாகவே ஆவணத்தில் எஞ்சுகிறார். அவ்விழுக்காடு எங்கிருந்து வந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அதன் மூலம் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையாகும். உடலுறுப்பு ஒவ்வொன்றின் இழப்பும் ஊதியம் ஈட்டும் திறனில் எத்தனை விழுக்காடு என அது வரையறுத்தது. முழங்கைக்கு மேல் வலக்கை இழப்பு 70, இடக்கை இழப்பு 60, கட்டைவிரல் 25, சுட்டுவிரல் 10, பிற விரல் 5 என்பன அதன் தொடக்கக் கணக்குகள். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு கண்ட சட்டம், நெசவாளியின் கைக்கும் சுமை தூக்குபவரின் கைக்கும் வேறுபாடு காணவில்லை என்பது கருதத்தக்கது. 1962-ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த அட்டவணையை மாற்றியமைத்தது. கட்டைவிரல் 30, சுட்டுவிரல் 14, நடுவிரல் 12, மோதிரவிரலும் சிறுவிரலும் தலா 7 என்றாயின. எலும்பு இழப்பின்றிச் சுட்டுவிரலின் நுனி மட்டும் துண்டிக்கப்பட்டால் 5. சுங்குவார்சத்திரம் தொழிற்பகுதியாக மாறியபோது, ஆலைகளுக்கு முன்பே இந்த எண்கள் அங்குக் காத்திருந்தன.

எண் ஒன்றேயாயினும் அதன் பயன் ஒன்றன்று. 2020-ஆம் ஆண்டு நிலவரப்படி, ஒரே பிரஸ்ஸில் 22 வயதுடைய மூவர் சுட்டுவிரலை முழுமையாக இழந்ததாகக் கொள்வோம். முதலாமவர் மாதம் ரூ.20,000 பெறும் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர். ஊதியத்தில் 90 விழுக்காட்டின் 14 விழுக்காடு, அதாவது மாதம் ஏறத்தாழ ரூ.2,520, அவருக்கு வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். இரண்டாமவர் ரூ.21,000 என்னும் இ.எஸ்.ஐ. வரம்பைக் கடந்த நிரந்தரத் தொழிலாளி; 1923-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர். அவரது ஊதியம் எவ்வளவாயினும் ரூ.15,000 என்றே கொள்ளப்படும். அதன் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி 221.37-ஆல் பெருக்கி 14 விழுக்காடு கண்டால், ஒரே தவணையில் ஏறத்தாழ ரூ.2,78,900 வரும். மூன்றாமவர் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயில்பவர். இ.எஸ்.ஐ. சட்டம் அவரைப் பணியாளராகக் கருதாது. அவருடைய உதவித்தொகையே ஊதியமாகும். அது ரூ.8,000 எனில் இழப்பீடு ஏறத்தாழ ரூ.1,48,800 மட்டுமே. இயந்திரத்துக்குக் காப்பு அமைக்க வேண்டும் என்னும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு மூவருக்கும் பொதுவானது. அது மீறப்பட்ட பின் வருவதே வேறு. 

இந்த எண்களை நீதிமன்றம் ஒருமுறை தளர்த்தியதுண்டு. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் (1975), முழங்கைக்கு மேல் இடக்கையை இழந்த தச்சரின் இழப்பு 100 விழுக்காடே என உச்ச நீதிமன்றம் ஏற்றது; ஒரு கையால் தச்சு வேலை செய்ய இயலாது என்பதே அதன் காரணம். உறுப்பை விடுத்துத் தொழிலை அளவுகோலாக்கிய தீர்ப்பு அது. ஆயினும் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோருவதை இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு தடுத்தது, ஏ. திரேஹான் வழக்கில் (1996) உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதிப்படுத்தியது. பிரஸ் ஷாப்பின் காப்பீட்டாளருக்கு எஞ்சுவன மருத்துவ வாரியத்தின் மதிப்பீடும், அதை எதிர்த்து மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கோ தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்துக்கோ செல்லும் வழியுமே.