கறள் பிடித்த சில்லுக்குடம்

போன ஞாயிறு எனக்கு லீவு. அன்றைக்கு முழுக்க ஒரு இரும்புத் துண்டோடு சண்டை பிடித்தேன்.

என்னுடைய கார் பழசு. கொஞ்ச நாளாக அறுபதைத் தாண்டினால் பின் சில்லிலிருந்து பொம்மர் வருகிற மாதிரி ஒரு இரைச்சல். பெயாரிங் போய்விட்டது. உணவகம் பூட்டி நான் கிரெய்கிபர்ன் வந்து சேர நடுச்சாமம் ஆகிவிடும், கார் இல்லாமல் முடியாது. கராஜில் கேட்ட கூலி என் இரண்டு நாள் சம்பளம். சரி, சாமானை வாங்கி நானே மாற்றுவோம் என்று இறங்கினேன். பின்பக்க நாலு போல்டும் கழன்றது. குடம் மட்டும் அசையவில்லை.

ஹப் என்பதைத்தான் குடம் என்கிறேன். மாட்டுவண்டிச் சில்லின் நடுவில் ஆரக்கால்கள் வந்து பொருந்துகிற கட்டைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. காருக்கும் பொருந்தும்.

அது ஏன் இறுகுகிறது? இரும்பு கறள் பிடித்தால் முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் எடுக்கும். மயிரிழை இடைவெளிக்குள் கறள் ஊதிப் பெருத்தால் ஆப்பு அடித்த மாதிரித்தான். சுத்தியலோடு நின்றபோது ஊரில் இருந்த கராஜ் அண்ணை ஞாபகத்துக்கு வந்தார்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, வாகன உதிரிப்பாகம் எல்லாம் தடை. அந்தக் காலத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் மண்ணெண்ணெயில் கார் ஓடிய கதையைக் கட்டாயம் சொல்வார்கள். உண்மைதான். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற கார்களின் எஞ்சினில் அமுக்கம் குறைவு, ஆனபடியால் அது சரிவந்தது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபின், 1940களிலும் 50களிலும் செய்த அந்தக் கார்களைத்தான் சனம் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்து யப்பான் கார்கள் வந்தன. கொஞ்ச வருடத்தில் போரும் வந்தது.

ஆனால் எஞ்சின் ஓடினால் மட்டும் கார் ஓடாது, சில்லும் சுற்ற வேண்டும். பெயாரிங்குக்கும் பிறேக்குக்கும் குடத்தைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கழற்றும்போது குடம் வெடித்தால், அச்சின் புரி நசிந்தால், அந்தக் கார் முடிந்தது. வேறு குடம் வராது. அதே 1990களில் இலங்கையின் தெற்கே மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பல வருடம் கழித்து அறிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அதனால் கராஜ் அண்ணையின் முதல் விதி, ஒன்றையும் உடைக்கக்கூடாது. நட்டை முழுக்கக் கழற்ற மாட்டார். இரண்டு மூன்று புரி விட்டு வைப்பார், அடி பட்டாலும் புரி நசியாது. பழைய பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இடப்பக்க நட்டு மறுபுரி, இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழரும். சில்லு சுற்றுகிற சுற்றில் நட்டு தானாகக் கழராமல் இருக்க அப்படிச் செய்தார்கள். அது தெரியாமல் பைப் போட்டு இழுத்து முறித்த ஆட்களும் இருந்தார்கள்.

பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி இரவு முழுக்க விடுவார். ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தாலும் எங்களுக்கு ஏச்சு. விடியப் புள்ளரின் மூன்று காலையும் மாட்டி இறுக்குவார், நடுத்திருகின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார், திரும்ப இறுக்குவார்.

"தம்பி, ஒரே இடத்தில அடியாத. சுத்தி வரத் தட்டு. கறளுக்குத்தான் அடி, குடத்துக்கு இல்லை."

பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்க்கப் போன எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்த இரவு. அந்த மழையில் கராஜ் அண்ணை சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். கரியரில் உடுப்புப் பையோடு அந்தப் புள்ளரும் கட்டியிருந்தது. நான் அவரைக் கடைசியாகக் கண்டது அதுதான். பிறகு புறநானூற்றின் 102ஆம் பாட்டில் உமணரைப் பற்றிப் படித்தபோது அவர்தான் மனதில் வந்தார். உப்பு வண்டியின் கீழே அவர்கள் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம், வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு. பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவையார். தடைக்காலத்தில் எங்களிடம் சேம அச்சு இல்லை. அதன் இடத்தில் இந்த மாதிரி மனிதர்கள்தான் இருந்தார்கள்.

இங்கே நிலைமை தலைகீழ். சாமான் மலிவு, கை விலை கூட. பெயாரிங்கும் குடமும் சேர்த்து ஒரே துண்டாக வருகிறது. திறந்து கிறீஸ் போட ஒன்றும் இல்லை, எறிந்துவிட்டு மாற்ற வேண்டியதுதான். எங்கள் வீட்டிலிருந்து ஹியூம் நெடுஞ்சாலைப் பக்கமாகத் தெற்கே போனால் கம்பல்ஃபீல்டில் ஃபோர்டு தொழிற்சாலை. 1959இல் தொடங்கி 2016 ஒக்ரோபர் 7ஆம் திகதி கார் செய்வதை நிறுத்திவிட்டது. அடுத்த வருடம் ரொயோட்டாவும் ஹோல்டனும் நிறுத்த, ஒஸ்ரேலியாவில் பெருமளவில் கார் செய்கிற காலம் முடிந்தது. அந்தக் கைகளுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கே போனது என்று அவ்வழியால் போகும்போது யோசிப்பேன்.

என் குடத்துக்கு வருகிறேன். சுத்தியலை வைத்துவிட்டுத் துருநீக்கி எண்ணெய் அடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். திரும்பி வந்து நாலு போல்டையும் பாதிவரை திரும்பப் பூட்டி, பின்பக்கத்தால் ஒன்றுக்கு ஒரு தட்டு, அடுத்ததற்கு ஒரு தட்டு என்று சுற்றி வந்தேன். ஏழாவது எட்டாவது சுற்றில் 'டொக்' என்று ஒரு சத்தம். குடம் கையில் வந்தது.

இருந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் துப்புரவாக்கி, மெல்லிசாகக் கிறீஸ் பூசித்தான் புதியதைப் பூட்டினேன். அடுத்த முறை கழற்றுகிறவன் கஷ்டப்படக்கூடாது என்று அதுவும் அவர் சொன்னதுதான்.

திங்கள் இரவு வேலை முடிந்து வரும்போது பொம்மர் சத்தம் இல்லை. கராஜ் அண்ணை எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. அவர் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.