கார்பெட்டின் கனம் குறைந்த துப்பாக்கி

புதுச்சேரி போன்ற கடற்கரை நகரங்களில் வாழ்பவர்களுக்குக் காடு பெரும்பாலும் நூல்களின் வழியாகவே அறிமுகமாகிறது. தி.ஜ.ர.வின் தமிழாக்கத்தில் ஜிம் கார்பெட்டை வாசித்தவர்களுக்குப் புலிகள் நினைவிருக்கும். அவர் கையிலிருந்த துப்பாக்கி நினைவிருப்பது அரிது. அந்தத் துப்பாக்கி சற்றுக் கனமாக இருந்திருந்தால் அந்த நூலே எழுதப்பட்டிருக்காது.

436 பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட சம்பாவத் பெண்புலியைக் கார்பெட் 1907-இல் சுட்டு வீழ்த்தினார். அதற்காக ஐக்கிய மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹூவெட் அவருக்கு ஒரு ரைஃபிளைப் பரிசளித்தார். லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275 ரைஃபிள் அது. எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. தோட்டாவின் ஈயக் குண்டு ஒன்பது கிராம்தான். பெரிய விலங்குகளுக்கென்று அக்காலத்து வேட்டைக்காரர்கள் நம்பியது கனத்த இரட்டைக்குழல் துப்பாக்கியை. கார்பெட்டிடமும் .450/400 வகையில் ஒன்று இருந்தது. அவ்வகைத் துப்பாக்கிகளின் எடை ஐந்து கிலோவை நெருங்கும்.

யானை மேலிருந்தோ பரண் மேலிருந்தோ சுடுபவருக்கு இந்த ஒன்றரைக் கிலோ பொருட்டல்ல. கார்பெட் தனியாக, நடந்தே வேட்டையாடியவர். குமாயூன் மலைச்சரிவுகளில் நாள்முழுதும் ஏறி இறங்குபவருக்குத் துப்பாக்கியின் எடை மாலைக்குள் இரு மடங்காகத் தோன்றும். களைத்த கை குறி தவறும். புதர்களுக்கிடையே நீண்ட குழல் கிளைகளில் சிக்கும். ஆனால் எடையைக் குறைப்பதற்கும் குழலைக் குட்டையாக்குவதற்கும் விலை உண்டு. கனம் குறைந்தால் உதைப்பு கூடும். குழல் குறுகினால் குண்டின் வேகம் குறையும், வெடிச்சத்தம் காதைத் தாக்கும். சிறிய குண்டு உயிர்நிலையில் பட்டே ஆகவேண்டும். காயத்தோடு தப்பும் புலி அடுத்து ஒரு கிராமத்தாரின் உயிரை வாங்கக்கூடும்.

64 பேரைக் கொன்ற சௌகர் புலிகளில் எஞ்சியிருந்த பெண்புலியை 1930 ஏப்ரல் 11 அன்று அவர் தேடிச் சென்றார். வழியில் ஓடைப்படுகையில் பக்கிப் பறவையின் இரண்டு முட்டைகளைக் கண்டார். பறவை முட்டைகள் சேகரிப்பது அவருடைய பழக்கம். அவற்றை இடக்கையில் ஏந்தியபடி ஒரு பாறையைக் கடந்தவர் திரும்பிப் பார்த்தபோது, எட்டடி தொலைவில் புலி படுத்திருந்தது. ரைஃபிள் வலக்கையில், மார்புக்குக் குறுக்கே, எதிர்ப்புறம் நோக்கியிருந்தது. ஒற்றைக் கையால் அதன் முனையை முக்கால் வட்டம் மெல்ல மெல்லச் சுழற்றிச் சுட்டார். முட்டைகள் கையிலிருந்ததால்தான் பதறித் துள்ளாமல் நின்றதாகவும், துப்பாக்கி கனமற்றதாக இருந்ததால்தான் ஒரு கையால் திருப்ப முடிந்ததாகவும் பின்னர் அவரே எழுதினார். பிறகு முட்டைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

தமிழ்நாட்டுக் காடுகளில் இதே கேள்விக்கு வேறொரு விடை கண்டவர் கென்னத் ஆண்டர்சன். ஜவளகிரியிலும் தருமபுரி, சேலம் காடுகளிலும் அவர் சுமந்தது 1895 மாதிரி வின்செஸ்டர், .405. எடை நான்கு கிலோவுக்குள்தான். ஆனால் குண்டு கார்பெட்டினுடையதைப்போல இரு மடங்கு கனம். நெம்புகோலை இழுத்தால் அடுத்த தோட்டா தயார். உதைப்பு கடுமையானது. தோளில் வலியைத் தாங்கி, அடர்ந்த முட்புதரில் அடிக்கும் வலிமையை அவர் தேர்ந்தார் என்று கொள்ளலாம்.

இரண்டுமே ஒருவர் தனியாகச் சுமக்கத்தக்கவை. கிராமங்களைக் காத்தது இந்த எளிமைதான். ஆட்கொல்லியைத் தேடாதவர்கள் கைகளிலும் அதே எளிமை வந்து சேர்ந்தது. நஞ்சும் காடழிப்பும் சேர்ந்துகொள்ள, 1972 கணக்கெடுப்பில் இந்தியாவில் 1,827 புலிகளே இருந்தன. அவ்வாண்டில்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்ட இடம் கார்பெட்டின் பெயர் தாங்கிய பூங்கா.

கார்பெட் 1955-இல் கென்யாவில் இறந்தார். அந்த ரைஃபிள் அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்திடம் சென்று, 2015-இல் ரிக்பி நிறுவனத்துக்கே திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் வேட்டைக்காரர் எவரிடமும் அது போகாமல் புத்தகங்களோடு இருந்தது பொருத்தமாகவே தோன்றுகிறது.