ஷூரிட்டி முதல் ரைட்-ஆஃப் வரை... லோன் பேப்பரில் வரும் கஷ்டமான ஆங்கில வார்த்தைகளுக்கு உண்மையான அர்த்தம் என்ன?

வங்கியில் லோன் ஓகே ஆகிவிட்டது என்றதும் பலரும் செய்யும் முதல் வேலை, அதிகாரி காட்டும் இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவதுதான். 30, 40 பக்கம் இருக்கும் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. படிக்க உட்கார்ந்தாலும் ஆங்கிலம் தெரிந்தவர்களே தடுமாறும் வார்த்தைகள் வரும். ஆனால் பிரச்னை வரும்போது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் வீடும் பணமும் யாருக்கு என்று முடிவாகும். அப்படி அடிக்கடி வரும் வார்த்தைகளின் அர்த்தத்தையும், அவற்றை எளிதாக மனதில் வைக்கும் வழியையும் பார்க்கலாம்.

கொலாட்டரல்

கடனுக்கு ஈடாகக் காட்டும் சொத்து. 'லேட்டரல்' என்றால் பக்கவாட்டு. டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேருவதை 'லேட்டரல் என்ட்ரி' என்கிறோமே, அதே வார்த்தைதான். கடனுக்குப் பக்கத்துணையாக நிற்பது கொலாட்டரல் என்று நினைவில் வைக்கலாம். 'கொலாட்டரல் ஃப்ரீ' என்றால் ஈடு சொத்து தேவையில்லை என்று மட்டுமே அர்த்தம். கடனைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

மார்ட்கேஜ், ஹைபாத்திகேஷன், பிளெட்ஜ்

மூன்றுமே ஈடு வைப்பதுதான். ஆனால் பொருள் யார் கையில் இருக்கிறது என்பதில் வித்தியாசம்.

பிளெட்ஜ்: நகைக் கடன் போல, பொருள் வங்கியிடம் போய்விடும். நம் ஊரில் சொல்லும் அடகு.

ஹைபாத்திகேஷன்: வண்டிக் கடன் போல, வண்டியை நீங்கள் ஓட்டலாம். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயரும் இருக்கும். கடைசி தவணை கட்டியதும் அந்தப் பெயர் தானாகப் போய்விடாது. வங்கியிடம் என்.ஓ.சி. வாங்கி, படிவம் 35 கொடுத்து நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் வண்டியை விற்கும்போதுதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

மார்ட்கேஜ்: வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தை அடமானம் வைப்பது. 'மார்ட்' என்றால் பழைய பிரெஞ்சில் செத்த என்று பொருள், மார்ச்சுவரியில் வருவதும் அதே வேர்தான். 'கேஜ்' என்றால் ஈடு.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. மார்ட்கேஜர் யார், மார்ட்கேஜீ யார்? 'ஈ' என்று முடிந்தால் பெறுபவர். வேலை கொடுப்பவர் எம்ப்ளாயர், வேலை பெறுபவர் எம்ப்ளாயீ. அதேபோல சொத்தை ஈடாகக் கொடுக்கும் நீங்கள் மார்ட்கேஜர், பெறும் வங்கி மார்ட்கேஜீ. வாடகை ஒப்பந்தத்தில் வரும் லெஸ்ஸர், லெஸ்ஸீக்கும் இதே கணக்குதான்.

ஷூரிட்டி, கேரன்டர்

"சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதான்" என்று சொல்லி உறவினரோ நண்பரோ கூப்பிடுவார்கள். உண்மையில் இது சாட்சிக் கையெழுத்து அல்ல, ஜாமீன் கையெழுத்து. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128வது பிரிவு. 'முதலில் அவரிடம் கேளுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள்' என்று வங்கியிடம் சொல்ல முடியாது.

ஜாயின்ட்லி அண்ட் செவரலி

'செவரல்' என்றதும் பல என்ற அர்த்தம்தான் ஞாபகம் வரும். இங்கே 'செவரலி' என்றால் தனித்தனியாக. இரண்டு பேர் சேர்ந்து 10 லட்சம் கடன் வாங்கினால், ஆளுக்கு 5 லட்சம்தான் பொறுப்பு என்று நினைக்கக் கூடாது. ஒருவர் கைவிரித்தால், மற்றவரிடம் முழு 10 லட்சத்தையும் வங்கி கேட்கலாம்.

மாரடோரியம்

தவணை கட்டுவதைத் தள்ளிப்போடும் அவகாசம். கொரோனா நேரத்தில், 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை இந்த வார்த்தை எல்லார் வாயிலும் இருந்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. கல்விக் கடனிலும் படிக்கும் காலத்துக்கு மாரடோரியம் உண்டு. ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றால், 1 லட்சம் ரூபாய்க்கு ஒரு வருடத்தில் 10,000 ரூபாய் வட்டி ஏறியிருக்கும்.

ஃபோர்குளோஷர்

ஹாலிவுட் படங்களில் இந்த வார்த்தை வந்தால், வங்கி வீட்டைப் பறிக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் வங்கிகளில் பெரும்பாலும் கடனை முன்கூட்டியே மொத்தமாக அடைப்பதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். தனிநபர் தொழில் அல்லாத தேவைக்கு வாங்கிய ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால், அதற்கு வங்கி தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

டீஃபால்ட், என்.பி.ஏ.

சொன்ன தேதியில் கட்டாமல் தவறுவது டீஃபால்ட். தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அது வாராக்கடன், அதாவது என்.பி.ஏ. அதன்பிறகு சொத்து ஈடு உள்ள கடன்களில் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நோட்டீஸ் அனுப்பலாம். பணத்தைக் கட்ட 60 நாள் அவகாசம் தர வேண்டும். அந்த நோட்டீஸை பிரிக்காமல் வைப்பதுதான் பலர் செய்யும் பெரிய தவறு.

வேவர், ரைட்-ஆஃப்

தமிழில் இரண்டையும் 'தள்ளுபடி' என்றே எழுதுவதால் வரும் குழப்பம் இது. வேவர் என்றால் கடனே ரத்து, இனி கட்ட வேண்டாம். ரைட்-ஆஃப் என்றால் வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து மட்டும் நீக்குகிறது. கடன் அப்படியே இருக்கும், வசூல் நடவடிக்கையும் தொடரலாம்.

எப்படி மனதில் நிற்கும்?

அகராதியை வரிசையாக மனப்பாடம் செய்தால் நிற்காது. வீட்டில் இருக்கும் ஒரு பழைய லோன் பேப்பரையோ வாடகை ஒப்பந்தத்தையோ எடுங்கள். புரியாத 5 வார்த்தைகளுக்கு அடிக்கோடு போடுங்கள். அந்த முழு வரியையும் உங்கள் சொந்தப் பேச்சுத் தமிழில் எழுதிப் பாருங்கள். இரண்டு நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் சொல்லிப் பாருங்கள். சொந்தப் பணம் சம்பந்தப்பட்ட வார்த்தை சீக்கிரம் மறக்காது.

தமிழில் கேட்பது உங்கள் உரிமை

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' என்ற சுருக்க அறிக்கையை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும். வட்டியோடு மற்ற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு செலவு விகிதம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், அதை விளக்கியும் சொல்ல வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. "தமிழில் கொடுங்க சார், படிச்சுட்டு கையெழுத்துப் போடறேன்" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.