சப்ரினாவின் பெயரில் ஒரு சட்டம்

ஒன்ராறியோவில் படிக்கிறவர்களுக்குப் பாடசாலை தரும் ஒவ்வாமைப் படிவம் தெரிந்திருக்கும். என்ன சாப்பாடு ஆகாது, என்ன மருந்து, யாரைக் கூப்பிடுவது என்று கேட்கும். அதற்குப் பின்னால் 13 வயதுப் பிள்ளை ஒருத்தியின் கதை இருக்கிறது.

சப்ரினா ஷனன், ஒட்டாவாவுக்கு வடமேற்கே பெம்புரோக் நகரில் உயர்பள்ளிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். பால், கச்சான், சோயா மூன்றும் அவளுக்கு ஆகாது. தன் ஒவ்வாமை பற்றி சிபிசி வானொலியில் ஏற்கெனவே நிகழ்ச்சி செய்தவள், அவ்வளவு விவரமானவள். 2003 செப்டெம்பர் கடைசியில் பாடசாலைக் கன்ரீனில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கினாள். பால்கட்டி பட்ட இடுக்கியால் அதை எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று பின்னர் கருதப்பட்டது. மூச்சு முட்டியபோது ஆஸ்துமா என்றுதான் அவள் நினைத்தாள். எபிபென் லொக்கரில் இருந்தது. அது வந்து சேருமுன் விழுந்துவிட்டாள். மறுநாள் இறந்துபோனாள்.

அவளுடைய பெற்றோர் சும்மா இருக்கவில்லை. சட்டமன்ற உறுப்பினர் டேவ் லெவாக் கொண்டுவந்த தனிநபர் மசோதா 2005இல் நிறைவேறி, 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுதான் 'சப்ரினாவின் சட்டம்'. ஒவ்வொரு கல்விச்சபைக்கும் இதற்கென ஒரு கொள்கை இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் வேண்டும். ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும். அவசரத்தில் முன் அனுமதி இல்லாமலே அவர்கள் ஊசி போடலாம். நல்லெண்ணத்தோடு செய்தவர் மீது பொதுவாக நட்டஈட்டு வழக்குப் போட முடியாது.

நான் படித்தது பொறியியல். ஒரு இடம் பிழைத்தால் எல்லாம் நின்றுபோகும் அமைப்பைக் கட்டக்கூடாது என்பது எங்கள் பாலபாடம். சப்ரினாவின் கவனம் மட்டுமே அவளுக்குக் காவலாக இருந்தது. சட்டம் அந்தப் பாரத்தைப் பெரியவர்களுக்கும் பகிர்ந்து கொடுத்தது.

ஆனால் சட்டம் பாடசாலை வாசலோடு நின்றுவிடும். பிறந்தநாள் விழாவில், கோயில் அன்னதானத்தில், "ஒரு வாய்தானே, ஒன்றும் செய்யாது" என்று அன்போடு ஊட்ட வரும் மாமிக்கு அது தெரியாது. அங்கே நீங்கள்தான் சொல்ல வேண்டும். எபிபென்னை லொக்கரில் வைக்காதீர்கள், கையோடு கொண்டு திரியுங்கள். எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று இரண்டு சிநேகிதருக்காவது காட்டுங்கள். போட்டவுடன் 911ஐ அழைக்கவும் சொல்லிவையுங்கள்.