ஓமியோபதியும் வாழ்வியல் வழிகாட்டலும்

ஓமியோபதி மருத்துவரின் நீண்ட நேர்காணலோடு, ‘லைஃப் கோச்சிங்’ எனப்படும் வாழ்வியல் வழிகாட்டலின் கேள்விமுறையையும் இலக்கு வகுத்தலையும் சேர்த்து நடத்தும் ஆலோசனை முறை.

இரண்டும் ஒட்டுவதற்குக் காரணம் நேர்காணல்தான். ஓமியோபதியை நிறுவிய சாமுவேல் ஹானிமன் 1810இல் வெளியிட்ட ‘ஆர்கனான்’ நூல், நோயாளியைக் குறுக்கிடாமல் பேசவிடச் சொல்கிறது. ‘ஆம்’, ‘இல்லை’ என்று முடியும் கேள்விகளைத் தவிர்க்கவும், ஒவ்வொரு அறிகுறியையும் நோயாளியின் சொற்களிலேயே தனித்தனி வரியாக எழுதவும் பணிக்கிறது. ஜான் விட்மோர் 1992இல் பரவலாக்கிய ‘குரோ’ வழிகாட்டல் முறையும் திறந்த கேள்விகளையே நம்புகிறது: இலக்கு என்ன, இன்றைய நிலை என்ன, வழிகள் எவை, எதைச் செய்வீர்கள்? வேறுபாடு கேள்வியின் நோக்கத்தில். ஓமியோபதியர் பதிலிலிருந்து மருந்தைத் தேர்கிறார். வழிகாட்டியோ முடிவை ஆலோசனை பெறுபவரிடமே விட்டுவிடுகிறார்.

பயன் எங்கிருந்து வருகிறது என்பதற்குச் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு நல்ல விடை தருகிறது. வழக்கமான சிகிச்சையில் இருந்த முடக்குவாத நோயாளிகள் 83 பேரிடம் நடத்தி, 2010இல் வெளியான அந்த ஆய்வில், நேர்காணல் பெற்றவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஓமியோபதி மருந்தால் தனிப் பயன் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் தேசிய உடல்நல, மருத்துவ ஆய்வு மன்றமும், ஓமியோபதி பலனளிக்கும் என்று நம்பத்தக்க சான்றுள்ள நோய் எதுவுமில்லை என 2015இல் அறிவித்தது. ஆக, இக்கூட்டு முறையில் வலுவான பாதி பேச்சே.

பிரிட்டனில் இவ்விரு தொழில்களுக்கும் சட்டப்படியான கட்டாயப் பதிவு கிடையாது.