ஈவ் டீசிங்

ஈவ் என்பவள் பைபிளின் முதல் பெண். தமிழ்ப் பைபிளில் ஏவாள். டீசிங் என்றால் கேலி, சீண்டல். இரண்டையும் ஒட்டவைத்தது நம் தெற்காசிய ஆங்கிலம். ஏவாள் என்றதுமே ஆசை காட்டியவள் அவள்தான் என்ற சாடை வந்துவிடுகிறது. செய்தவன் பங்கு வெறும் விளையாட்டு. கெட்டிக்காரச் சொல்!

1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி அருகே, ஆட்டோவில் வந்த கும்பலின் அத்துமீறலில் மாணவி ஒருவர் உயிரிழந்தார். அந்த ஆண்டே தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலும் ஈவ் டீசிங்தான். உயிர் போன பிறகும் ‘கேலி’. பின்னர் திருத்தம் செய்து, பெண்ணைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள்.

பெருமுக்கல் போன்ற ஊர்களிலிருந்து திண்டிவனத்துக்குப் பஸ் ஏறும் மாணவிகளுக்கு உதவும் பிரிவு ஒன்று அந்தச் சட்டத்தில் உண்டு. பாதிக்கப்பட்டவர் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ‘பசங்க கிண்டல்தானம்மா’ என்று விசில் ஊதிவிட முடியாது. வளாகத்துக்குள் நடந்தால் நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு கல்லூரி நிர்வாகத்துக்கு. உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 181.